கடை ஊழியர் உங்களை எப்படிப் பார்க்கிறார்: புதிதாக வந்தவர்களுக்கு

வெளிநாட்டுக்கு வந்த புதிதில் கடையில் யாராவது முகம் கொடுத்துப் பேசாவிட்டால், நம் நிறத்தைப் பார்த்துத்தான் இப்படியா, இல்லை எல்லோரிடமும் இப்படித்தானா என்று மண்டையைக் குடையும். இரண்டுமே உண்டு. பிரித்து அறிய, உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவரை எப்படி நடத்துகிறார்கள் என்று கவனியுங்கள். வாசலில் ரசீதைக் கேட்கிறார்களா? முன்னால் போனவரிடமும் கேட்டிருந்தால் அது கடை வழக்கம், காட்டிவிட்டு நடையைக் கட்டுங்கள். மது வாங்கும்போது அடையாள அட்டை கேட்பதும் அப்படித்தான். பிரிட்டனில் 18 வயதானால் மது வாங்கலாம், ஆனால் பல கடைகளில் 25 வயதுக்குக் கீழே தோன்றும் எவரிடமும் அட்டை கேட்பார்கள். முப்பதைத் தாண்டியவரிடம் கேட்டால் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

சந்தேகம் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் அடுத்த அலமாரிக்கு நகர்ந்தால் கடைக் காவலரும் நகர்வார். நீங்கள் நின்றால் அவரும் நின்று, ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிற பெட்டிகளை மறுபடி அடுக்குவார். முன்னால் நின்றவருக்குக் கையில் கொடுத்த மீதிச் சில்லறையை, நீங்கள் கை நீட்டியிருக்கும்போதே மேசைமேல் வைப்பார்கள். விலை கேட்டால் தொகையைச் சொல்லாமல் "அது ரொம்ப விலை" என்பார்கள். இதெல்லாம் உங்கள் மனப்பிரமை இல்லை. சிறுபான்மை இன வாடிக்கையாளர்களைக் குறிவைத்துச் சந்தேகப்பட்டதாக எழுந்த புகார்களில், 2014-இல் நியூயார்க்கின் பெரிய கடைகளான மேசிஸ், பார்னீஸ் இரண்டும் முறையே 6.5 லட்சம், 5.25 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு, மாநில அட்டர்னி ஜெனரலுடன் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) சமரசம் செய்துகொண்டன.

பின்தொடர்கிறவரிடம் நீங்களே திரும்பி, "இதில் பெரிய அளவு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் உங்களுக்கு வேலை செய்ய வேண்டும், அல்லது விலகிப் போக வேண்டும்.

இதில் வயதும் சேர்ந்துகொள்ளும். முதுகுப்பையோடு மூன்று மாணவர்கள் நுழைந்தால் எல்லாக் கண்ணும் அவர்கள் மேல். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் நேர்மாறு, அவர் அங்கே நிற்பதாகவே தெரியாது. பணப்பையைத் திறந்தபடி அம்மா கேள்வி கேட்பார். ஊழியர் பதிலை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். அவசரப்பட்டு நடுவில் புகுந்து மொழிபெயர்க்காதீர்கள். ஓரடி பின்னால் நகர்ந்து, வாங்குகிறவர் அவர்தான் என்று சொல்லுங்கள்.

"நல்லா உடுத்திக்கிட்டுப் போ" என்று முன்பே வந்தவர்கள் சொல்வார்கள். கொஞ்சம் பலன் உண்டு, குறிப்பாக விலை உயர்ந்த பொருள் விற்கும் இடங்களில். ஆனால் சோப்பு வாங்க யாரும் கோட்டு மாட்டிக்கொண்டு போக முடியாது. தோலைப் பார்த்து வருகிற சந்தேகம் கோட்டைப் பார்த்து விலகும் என்றும் இல்லை. (நம்மவர் நடத்தும் கடையிலும் நிறமும் உடையும் பார்த்துப் பேச்சு மாறுவதுண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

தடுத்து நிறுத்தினால் என்ன செய்வது என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கடைக் காவலருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. உங்கள் பையைப் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். அமெரிக்காவிலோ, திருட்டு என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சிறிது நேரம் நிறுத்திவைக்கக் கடைக்குச் சட்டம் இடம் தருகிறது. அதனால் கையை உதறிவிட்டு ஓடாதீர்கள். நின்று, காரணம் கேளுங்கள்.

இனம் பார்த்து நடத்துவதைத் தடுக்கச் சட்டங்கள் இருக்கின்றன: ஆஸ்திரேலியாவில் 1975 முதல், ஜெர்மனியில் 2006 முதல். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் வயதையும் சேர்த்துக்கொள்கிறது. கடைகளில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு 2012-இல் நடைமுறைக்கு வந்தது. காலக்கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெர்மனியில் பொதுவாக 2 மாதத்துக்குள் கோரிக்கையை எழுப்ப வேண்டும், பிரிட்டனில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், கனடாவின் ஒன்டாரியோவில் மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்க 1 வருடம்.

வழக்கு வரை போகாவிட்டாலும் அன்றைக்கே நேரம், கிளை, ஊழியரின் பெயர்ப்பட்டை, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், நேரம் அதிலேயே இருக்கும். புகாரைத் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்பி, கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அது கிடைக்காமல் போகலாம்.