மாசியில் போட்டால் அழகர் வருவதற்குள் காய்

போன வருஷம் தக்காளியில் ஆரம்பித்தோம். ஆறு வயதுப் பேரன் தினமும் பல் தேய்க்கும் முன்பே மொட்டைமாடிக்கு ஓடி, விரலை விட்டு விதையைத் தோண்டிப் பார்ப்பான். ஐந்தாம் நாள், "அம்மாச்சி, இது செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவன் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. சின்னப் பிள்ளைகளோடு செடி வைக்கும்போது, அவர்களால் எத்தனை நாள் பொறுத்திருக்க முடியும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வருஷம் அதை வைத்தே விதையைத் தேர்ந்தெடுத்தேன்.

மதுரையில் மாசி பாதியில் தொடங்கிவிடுங்கள். அப்போது காலையில் கொஞ்சம் குளிர் மிச்சமிருக்கும். பங்குனி வந்துவிட்டால் பத்து மணிக்கு மேல் மாடித் தளத்தில் பிள்ளைகளால் கால் வைக்க முடியாது.

மண் கலக்கும் வேலையை முழுக்க அவர்களிடம் கொடுங்கள். செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. காய்ந்த கோகோபீட் கட்டியில் தண்ணீர் ஊற்றியதும் அது உப்பிக்கொண்டே போவதைப் பார்த்துப் பேத்தி கை தட்டினாள், அவளுக்கு மூன்று வயது. அதை இரண்டு தடவை அலசிப் பிழிந்தால் உப்பு போய்விடும்.

முதல் விதை வெந்தயம். அஞ்சறைப்பெட்டியிலேயே இருக்கிறது. ராத்திரி ஊறவைத்து, காலையில் அடியில் ஓட்டை போட்ட அகலமான டப்பாவில் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் மூன்றாம் நாள் தலை தூக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான விதை கிடையாது. ஒரே இடத்தில் கொத்தாகக் கொட்டினாலும் முளைத்துவிடும். 20, 25 நாளில் கீரையைக் கிள்ளிச் சப்பாத்தி மாவில் போடலாம். பச்சையாக எதைப் பார்த்தாலும் தட்டை நகர்த்துகிறவள், அன்றைக்கு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டாள்.

தோண்டிப் பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி டம்ளருக்குள் பேப்பரைச் சுருட்டி வைத்து, நடுவில் ஈரப்பஞ்சை அடைத்து, பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊறிய மொச்சைக் கொட்டையைச் செருகுங்கள். பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் வேர் கீழே இறங்கும், அதன் பிறகுதான் தண்டு மேலே எழும். வேர் விட்டதும் டம்ளரைப் படுக்க வைத்தோம். இரண்டு நாளில் வேர் மறுபடி தரையைப் பார்த்து வளைந்துவிட்டது. பேரன் டம்ளரை உருட்டி உருட்டி அரை மணி நேரம் பார்த்தான். மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு விதையைக்கூட அவன் தோண்டவில்லை.

அடுத்தது வெண்டை, ஆளுக்கு மண் நிரப்பிய ஒரு பை. நாட்டு விதையாக வாங்கி, ராத்திரி ஊறவைத்து, விரலின் முதல் கணு ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். முளைத்த பிறகு ஒன்றைப் பிடுங்க வேண்டும் என்பார்கள். பிடுங்கச் சொன்னபோது பேரன் அழுதுவிட்டான், இரண்டையும் அப்படியே விட்டோம். காய் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். காய்க்க 45, 50 நாள் ஆகும் என்ற கணக்கு பிள்ளைகளுக்குப் புரியாது. "அழகர் ஆத்துல இறங்குறதுக்குள்ள காய் வந்துரும்" என்றேன். அது உடனே புரிந்தது. தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

தண்ணீர் விஷயத்தில்தான் கண் வைக்க வேண்டும். பாசத்தில் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொடுங்கள். விரலை விட்டுப் பார்த்து மண் காய்ந்திருந்தால் மட்டும், பைக்கு ஒரு பாட்டில். பைக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கொசு முட்டை வைக்கும்.

கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு பைகூட வைக்காதீர்கள். பிள்ளைகள் அதன் மேல் ஏறி எட்டிப் பார்ப்பார்கள். அரளி இருந்தால் மாடியைவிட்டே எடுத்துவிடுங்கள், அது முழுக்க விஷம். மிளகாய்ச் செடியும் கைக்கு எட்ட வேண்டாம். மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கீழே இறங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வெண்டைப்பூ காலையில்தான் விரியும், சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அதனால் பள்ளிக்கூடம் போகும் முன்பே மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. பூத்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். நுனியை வளைத்தால் டக்கென்று ஒடிந்தால்தான் பிஞ்சு. சுணை அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள்.

ஒரு காயை மட்டும் பறிக்காமல் செடியிலேயே விட்டிருக்கிறோம். அது காய்ந்து வெடித்ததும் விதையை எடுத்து, சாம்பல் கலந்து, பேரன் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வைப்போம். ஆடிப்பட்டத்துக்கு அவன்தான் விதைக்கப் போகிறான்.