ஃபோல்டர் வேஷத்தில் ஒரு புரோகிராம்: சந்தேக ஃபைலைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி?

"அண்ணாச்சி, போல்டர தொறக்கேன், ஒண்ணுமே வரமாட்டுக்கு." கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் பிரின்ட் எடுக்கப் போய்வந்த பென்டிரைவை வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகியவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க ஊரார் பென்டிரைவெல்லாம் ஏறி இறங்கும் மெஷின் அது. திறக்க மாட்டேன் என்றது பெரும்பாலும் ஃபோல்டரே இல்லை, ஃபோல்டர் படத்தை ஒட்டிக்கொண்ட புரோகிராம்.

விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்படி வழியைச் சொல்கிறேன். முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள். சந்தேகம் தீரும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை வேண்டாம்.

1. முழுப் பெயரைப் பாருங்கள்

விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது புரோகிராம். ஆனால் "பட்டா.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்ற ஃபைல் உங்கள் கண்ணுக்குப் "பட்டா.பிடிஎஃப்" என்றுதான் தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய், ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் வியூவுக்குள் ஷோ என்ற இடத்தில் இருக்கும்.

அப்படியே வியூவை டீடெய்ல்ஸுக்கு மாற்றுங்கள். டைப் என்ற பத்தியில் உண்மையான ஃபோல்டருக்கு ஃபைல் ஃபோல்டர் என்று இருக்கும். சைஸ் பத்தி காலியாக இருக்கும். "கல்யாண போட்டோ" என்று மஞ்சள் ஃபோல்டர் படத்தோடு நிற்கிற ஒன்றுக்குப் பக்கத்தில் அப்ளிகேஷன் என்றும், சைஸில் சில நூறு கேபி என்றும் இருந்தால், ஆள் மாட்டிக்கொண்டான். ஷார்ட்கட் என்று இருந்தாலும் தொடாதீர்கள்.

2. எங்கே உட்கார்ந்து ஓடுகிறது?

இதில்தான் பொறுமை வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போங்கள். புரியாத பெயர் நிறைய இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். எஸ்விசிஹோஸ்ட் என்பது வரிசையாகப் பல தடவை இருக்கும். அது விண்டோஸின் சொந்த வேலைக்காரன். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், கள்ளன் போடுவதும் அதே பெயரைத்தான். சில சமயம் வி, சி இரண்டையும் இடம் மாற்றி வைத்திருப்பான்.

சந்தேகமான வரியில் ரைட் கிளிக் செய்து ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் கொடுங்கள். உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம்32 அல்லது சிஸ்வாவ்64 என்ற இடத்தில் இருக்கும். அதே பெயர் டெம்ப், ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ் போன்ற ஃபோல்டர்கள் பக்கம் இருந்தால் அது வேறு ஆள். ஆனால் ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கெட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜூம் போன்ற நல்ல புரோகிராம்களும் அங்கே தங்குவதுண்டு.

3. யார் கையெழுத்து?

ஃபைலில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். தயாரித்த கம்பெனியின் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பகுதியே இல்லையென்றால் சந்தேகம் கூடுகிறது, அவ்வளவுதான். தனி ஆள் எழுதிய தமிழ் டைப்பிங் மென்பொருளிலோ பழைய பில்லிங் மென்பொருளிலோ கையெழுத்து இல்லாமல் இருக்கலாம். விண்டோஸின் சொந்த ஃபைல்கள் சிலவற்றிலேயே அந்தப் பகுதி வராது, அவற்றின் கையெழுத்து தனியாக வேறொரு ஃபைலில் இருக்கும்.

4. இன்னொரு கருத்து

வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த ஃபைலை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். இதற்கு மட்டும் நெட்டைப் போட்டு, முடிந்ததும் அணையுங்கள். ஒன்றிரண்டு மட்டும் சிவப்பு காட்டினால் தவறான சந்தேகமாகவும் இருக்கலாம். பெரிய பெயர்கள் பலவும் சேர்ந்து சொன்னால் நீக்கிவிடலாம். ஒரு விஷயம்: ஏற்றிய ஃபைல் மற்ற பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். ஆதார் நகல், பத்திர நகல் எதையும் அங்கே ஏற்றாதீர்கள்.

5. நீக்குதல்

நேராக டெலீட் அடித்தால் பல நேரம் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுக்கும், இல்லையென்றால் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்பி வந்து நிற்கும். முதலில் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைப் பாருங்கள். அங்கே பெயர் இருந்தால் அன்இன்ஸ்டால் செய்தாலே போகலாம். இல்லையா, டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுங்கள், ஸ்டார்ட்டப் பகுதியில் அதை டிசேபிள் செய்யுங்கள், அப்புறம் ஃபைலை டெலீட் செய்யுங்கள்.

அடுத்து விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு ஓட விடுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே தேடுவதால் ஒளிந்திருப்பதும் சிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

அதற்குப் பிறகும் திரும்பி வந்தால், புரோகிராம்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் போன்ற இடத்தில் ஏதோ ஒன்று அதை எழுப்பிவிடலாம். மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி, தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அதில் டெலீட் வேண்டாம், டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

6. பென்டிரைவ்

உங்கள் போட்டோக்கள் பெரும்பாலும் அதிலேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஹிட்டன் ஃபைல்ஸைக் காட்டச் சொல்லி, ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ் என்பதன் டிக்கையும் எடுங்கள். மங்கலாகத் தெரியும் உண்மையான ஃபோல்டருக்குள் போய் போட்டோ, டாக்குமென்ட்களை மட்டும் காப்பி செய்துகொண்டு பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். முடிந்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

7. பாஸ்வேர்டு

அந்தப் புரோகிராமை ஒரு தடவையாவது திறந்திருந்தால், மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் அல்ல, செல்போனிலோ வேறு கம்ப்யூட்டரிலோ. பணம் ஏதும் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள், பேங்குக்கும் சொல்லிவிடுங்கள்.