வீல்சேரோடு புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு காலை நடை: முதல்முறை வழிகாட்டப் போகிறவர்களுக்கு

ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதிக்கு முதல்முறை நான் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு போனபோது வரலாறெல்லாம் விரல் நுனியில் இருந்தது. 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரை இடித்துத் தள்ளியது, 1765இல் அது பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது, எந்த வீதிக்கு எந்தக் கவர்னர் பெயர் என்பது வரை. ஏழு பேரில் இரண்டு பேர் வீல்சேரில் வந்திருந்தார்கள், ஒரு அம்மா வாக்கரோடு. காலை டிபனுக்கு ஒரு கடையில் முன்கூட்டியே பேசியிருந்தேன். “ரேம்ப் இருக்கு சார், தாராளமா வாங்க” என்றார்கள் போனில். போய்ப் பார்த்தால், சமையற்கட்டுப் பின்வாசலில் கேஸ் சிலிண்டர் உருட்டுவதற்குப் போட்ட பலகை. அந்தச் சரிவில் நானே சுவரைப் பிடிக்காமல் ஏற மாட்டேன். கடைசியில் தெருவோரமாக நின்று, பொங்கலைப் பொட்டலமாக வாங்கிச் சாப்பிட்டோம். யாரும் குறை சொல்லவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அப்பா அம்மாவை அழைத்துப் போக நினைப்பவர்களுக்கும், நாலைந்து பேர் கொண்ட சின்னக் குழுவை வழிநடத்த நினைப்பவர்களுக்கும் இது போதும்.

படி 1: முதலில் நீங்கள் வீல்சேரில் உட்காருங்கள்

மருத்துவச் சாதனங்கள் விற்கும் கடைகளில் வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும். ஒன்றை எடுத்து, நண்பரைத் தள்ளச் சொல்லி, நடை வைக்கப்போகும் அதே நேரத்தில் முழுப் பாதையையும் போய் வாருங்கள். நடந்து பார்த்து நான் எழுதியிருந்த குறிப்புகளில் பாதி, உட்கார்ந்து பார்த்ததும் செல்லாமல் போயின. சாக்கடை மூடிக்கும் சாலைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம் அதில் சிக்கும், ஆள் முன்பக்கம் சாய்வார். நின்று பார்த்தால் தெரியும் கடல், உட்கார்ந்து பார்த்தால் சில இடங்களில் பாறைக்கும் சுவருக்கும் பின்னால் மறைந்துவிடும்.

கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். சாதாரண வீல்சேரின் அகலம் இரண்டேகால் அடி வரை வரும், திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி இடம் வேண்டும். சரிவுப்பாதைக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றைத் தாண்ட ஆறடி நீளச் சரிவு தேவை. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் அந்தச் சிலிண்டர் பலகையைப் பற்றிப் போனிலேயே கேட்டிருப்பேன். இப்போது “ரேம்ப் இருக்கா?” என்று கேட்பதில்லை. “வாசல்ல எத்தனை படி, ரேம்ப் எத்தனை அடி நீளம், ஒரு போட்டோ அனுப்புங்க” என்று கேட்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் இருக்க வேண்டும் என்கிறது. சரி, சட்டம் இருக்கிறது. நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 2: நேரத்தைப் பிடியுங்கள்

புதுச்சேரியில் இந்த நடைக்கு ஏற்ற இடம் பீச் ரோடுதான். ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் இல்லாத சமதளம். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை. ஆகவே காலை 6 மணிக்குத் தொடங்குங்கள். கிழக்குப் பார்த்த கடற்கரை என்பதால் எட்டு மணிக்கெல்லாம் வெயில் முகத்தில் அடிக்கும், கடலோரத்தில் நிழலும் குறைவு. அதனால் கடலை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏற ஏற மரநிழல் உள்ள உள்வீதிகளுக்குள் நுழைவதுபோல் பாதையைப் போடுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டி விடாத நேரத்தில் உங்கள் காரும் உள்ளே போக முடியாது. கடலை நோக்கிப் போகும் ஏதாவது ஒரு குறுக்கு வீதியின் முனையில் ஆட்களை இறக்க வேண்டியிருக்கும். எந்த முனை என்பதை முந்தின நாளே ஓட்டுநருக்குக் காட்டிவிடுங்கள்.

தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் பலருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. உடம்பு சூடாகிக்கொண்டே போவது அவர்களுக்கே தாமதமாகத்தான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் நான் நடை வைப்பதே இல்லை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜனவரி, பிப்ரவரி சுகம்.

படி 3: முன்கூட்டியே கேளுங்கள், நோயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

உடம்புக்கு என்ன என்பது உங்களுக்குத் தேவையில்லை. தேவையானவை இவை: எவ்வளவு தூரம் உட்காராமல் நடப்பீர்கள்? ஒரு படி ஏற முடியுமா, கைப்பிடி இருந்தால்? காரிலிருந்து நாற்காலிக்கு நீங்களே மாறிக்கொள்வீர்களா? நாற்காலி கையால் தள்ளுவதா, பேட்டரியா? கூட யார் வருகிறார்கள்? பேட்டரி நாற்காலி என்றால் அதைத் தூக்கிப் படி ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். ஆளையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும்.

கேள்விகளை வருகிறவரிடமே கேளுங்கள், தள்ளிக்கொண்டு வரும் மகனிடம் அல்ல. இது சின்ன விஷயமாகத் தெரியும். “அவருக்கு காபி வேணுமா?” என்று தன் தலைக்கு மேலே பேச்சு நடக்கும்போது ஒருவர் முகம் எப்படிப் போகிறது என்று ஒருமுறை பார்த்தால் போதும்.

படி 4: கழிப்பறையை வைத்துப் பாதையைப் போடுங்கள்

நடுவழியில் வீல்சேர் நுழையும் கழிப்பறை ஒன்றாவது வேண்டும். ஏதாவது ஓட்டலில் பேசி வையுங்கள், நேரில் போய்க் கதவை அளந்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தும் கதவு இரண்டடி அகலம்தான் என்றால் பயனில்லை. கதவு உள்பக்கம் திறந்தால் அதுவும் இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் நடையை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்குங்கள். தண்ணீர் குடிக்காமலே சமாளித்துக்கொள்கிறேன் என்று சிலர் சொல்வார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

படி 5: பாதை

என் பாதை மொத்தமே ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று கிலோமீட்டர், பன்னிரண்டு இடங்கள் என்றெல்லாம் ஆசைப்படாதீர்கள்.

காந்தி சிலையில் தொடங்குகிறேன். சிலை மேடைமேல் இருக்கிறது. படி ஏற முடிந்தவர்கள் ஏறிவிட்டு வரட்டும் என்று குழுவைப் பிரிக்காதீர்கள், கதை எல்லாருக்கும் கீழேதான். கீழிருந்து பார்த்தால்தான் சுற்றி நிற்கும் தூண்களின் வேலைப்பாடு நன்றாகத் தெரியும். அவை செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்கள். பக்கத்திலேயே 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம்.

அதே சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவகம், 1938இல் திறந்தது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்களுக்காக எழுப்பியது. வெளியே கம்பி வேலி அருகில் நின்றே பேசலாம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் இன்றும் ‘சொல்தா’ என்பார்கள். உள்ளூர் முதியவர் யாராவது குழுவில் இருந்தால் இந்தச் சொல்லை எடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், மீதிக் கதையை அவரே சொல்லிவிடுவார்.

அப்புறம் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகர்மன்றம். 2014 நவம்பர் மழையில் பழைய கட்டடம் அப்படியே சரிந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். இங்கிருந்து தெற்கே போய் துமாஸ் வீதிப் பக்கம் திரும்பினால், ஜான் ஆஃப் ஆர்க் சிலையும் அதற்கு எதிரே 1855இல் கட்டிய தேவாலயமும். ஊரில் இதற்குக் கப்ஸ் கோவில் என்று பெயர், கப்புச்சின் சாமியார்களால் வந்தது. உள்ளே போக முடியாதவர்கள் இருந்தால் நான் உட்புறத்தை செல்போனில் படமெடுத்து வைத்திருப்பதைக் காட்டுகிறேன். “உள்ளே ஒண்ணும் பெரிசா இல்லை” என்று பொய் சொல்லித் தேற்றாதீர்கள். உள்ளே இருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. படம் காட்டி, இருப்பதைச் சொல்லுங்கள்.

துமாஸ் வீதி வழியாகத் திரும்பும்போது நடைபாதையில் ஏற்றாதீர்கள். குறுகலானது, நாலடிக்கு ஒரு வாசற்படி, கம்பம், மரம். அந்தக் காலை நேரத்தில் தார்ச்சாலையின் ஓரமே நல்லது. மஞ்சள் சுவர்கள், மேலிருந்து தொங்கும் காகிதப்பூக் கொடிகள். இங்கேதான் 1761 கதையைச் சொல்கிறேன், சுற்றியிருப்பதெல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழுந்தவை என்பதால்.

முடிவு பாரதி பூங்காவில். நிழலும் பெஞ்சும் இருக்கின்றன. பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தின் கதையை அவசரமில்லாமல் இங்கே சொல்லலாம். விளக்கொளியில் ஜொலித்த ஒரு வீட்டைக் கோவில் என்று நினைத்து மன்னர் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். அவளோ நானே இடிக்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் குளம் வெட்டினாள் என்பது கதை. பிற்பாடு அந்தத் தண்ணீர் நகருக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக எழுந்தது இந்த வெள்ளை மண்டபம். ஒரு கிரேக்கக் கோவில்போலத் தெரியும் கட்டடம் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயரில் நிற்பதைச் சொன்னால், அதுவரை களைத்திருந்தவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

படி 6: தள்ளும் முறை

நாற்காலியைத் தொடும் முன் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அது அவர் உடம்பில் ஒரு பகுதிபோல.

மேடு ஏற்றும்போது நேராக அணுகி, பின்பக்கக் கம்பியைக் காலால் மிதித்து, முன்சக்கரங்களைத் தூக்கி மேலே வைத்துவிட்டுத் தள்ளுங்கள். இறக்கும்போது திருப்பிக்கொண்டு, பெரிய சக்கரம் முதலில் இறங்குவதுபோல் மெதுவாக. செங்குத்தான சரிவிலும் அப்படித்தான், பின்பக்கமாக. கைதாங்கியைப் பிடித்து நாற்காலியைத் தூக்க வேண்டாம், பல நாற்காலிகளில் அது தனியாகக் கழன்று கையோடு வரும். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் பிரேக். கிளம்பும் முன் டயரில் காற்று. பையில் ஒரு சைக்கிள் பம்ப், ஸ்பானர், குடை, தண்ணீர்.

படி 7: எங்கே நின்று பேசுவது

குழு வட்டமாகக் கூடினால் வீல்சேர் எப்போதும் கடைசி வரிசைக்குப் போய்விடும், முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் காட்சி. அவர்களை முதலில் நிறுத்திவிட்டு மற்றவர்களைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் உட்கார்ந்து பேசுங்கள். கட்டைச் சுவரோ மடக்கு ஸ்டூலோ, எதுவாக இருந்தாலும் சரி. அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் கேட்டால் கழுத்து போய்விடும். தள்ளிக்கொண்டே கதை சொல்லாதீர்கள், பின்னாலிருந்து வரும் குரல் அவருக்குப் பாதிதான் கேட்கும்.

பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்துங்கள். நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்தால் புண் வரும் என்பதால் சிலர் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வார்கள். அந்த நேரம் நீங்கள் கடலைப் பாருங்கள்.

ஒருமுறை இப்படி முடித்ததும் வாக்கர் அம்மா கேட்டார், “வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எப்போ?” பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி, வைசியாள் வீதி. பழைய வீடுகளைப் புதுப்பித்ததற்காக 2008இல் யுனெஸ்கோ பரிசு வாங்கிய தெரு. நடந்து களைத்தவர்கள் உட்காரத் திண்ணைகள் உண்டு. ஆனால் எந்தத் திண்ணை அவர் உட்கார்ந்து எழுந்திருக்கும் உயரத்தில் இருக்கிறது என்று நான் இன்னும் அளக்கவில்லை. வரும் ஞாயிறு டேப்போடு போகிறேன்.