குட்டிக் கரடி பொம்மை சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் முடிந்ததும் மெத்தை, தலையணையை மொட்டை மாடியில் காயப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதே கையோடு அலமாரியில் இருக்கும் கரடிப் பொம்மைகளையும் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்துவிடுகிறார்கள். மதுரைப் பக்கம் குட்டிக் கரடி சேர்ப்பவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு இது. இலவம் பஞ்சுத் தலையணைக்கு வெயில் நல்லது. சாயம் ஏற்றிய ரோமத்துக்கு அது ஆகவே ஆகாது. சித்திரை வெயிலில் திரும்பத் திரும்ப வைத்தால் வெயில் பட்ட பக்கம் வெளுத்துப்போய், காது மடிப்புக்குள்ளும் கை இடுக்கிலும் மட்டும் பழைய நிறம் நிற்கும். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: கரடி எதனால் ஆனது என்று பார்க்காமலே அதைத் துவைப்பது, காயவைப்பது, கட்டி வைப்பது. வாங்கியதும் வயிற்றைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழும்பினால் உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. தலையணைக் கடையில் ரெக்ரான் என்பார்களே, அதுதான். நெறுநெறுவென்று சத்தம் கேட்டால் மரச்சுருள். மரத்தை மெல்லிய இழையாகச் சீவி அடைத்திருப்பார்கள். 1900களின் தொடக்கத்தில் வந்த ஜெர்மன் கரடிகள் இப்படித்தான். விரலுக்கடியில் மணி மணியாக நகர்ந்தால் பிளாஸ்டிக் குருணை, 1993-ல் அறிமுகமான பீனி பேபி என்ற அமெரிக்கக் குட்டிப் பொம்மை வகை. உருவத்துக்குக் கனமே இல்லையென்றால் இலவம் பஞ்சாக இருக்கலாம். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் செய்த கரடிகளில் அதை நிறைய அடைத்தார்கள். நம் போடிப் பக்கம் காய்க்கும் அதே பஞ்சுதான். தலையும் கைகாலும் தனித்தனியாகச் சுழன்றால் மூட்டுக்குள் வட்டத் தட்டு இருக்கிறது, பழைய கரடிகளில் அது அட்டை. ஷூக்கோ நிறுவனத்தின் பழைய உள்ளங்கைக் கரடிகளிலோ ரோமத்துக்குள் இருப்பது தகரம்.

இவற்றில் மூட்டில்லாத பாலியஸ்டர் கரடியையும் குருணைக் கரடியையும் மட்டும்தான் தண்ணீரில் முக்கலாம். மரச்சுருள் நனைந்தால் உள்ளேயே அழுகி நாறும். அட்டை ஊறினால் கைகால் தொங்கிவிடும். தகரம் துருப்பிடித்து ரோமத்தில் கறை ஏறும். இலவம் பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டுகொள்ளும்.

முக்கக் கூடாத கரடியை நுரையால் துடைக்கலாம். முதலில் காலின் உட்புறத்தில் ஈரமான வெள்ளைத் துணியைப் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒட்டாவிட்டால், அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு குழந்தை ஷாம்பூ விட்டு முட்டை அடிப்பதுபோல் நன்றாக அடியுங்கள். மேலே நிற்கும் நுரையை மட்டும் மென்மையான பழைய பல் துலக்கியில் எடுத்து, ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தண்ணீர் அடித்துணி வரை இறங்கக் கூடாது. பிறகு ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

இதில் பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். போர்த் தண்ணி பல தெருக்களில் உப்பு. ஷாம்பூ சரியாக நுரைக்காது. காய்ந்த பிறகு ரோமம் விறைத்து, வெள்ளையாகப் பூத்து நிற்கும். குடிக்கிற கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள், ஒரு குட்டிக் கரடிக்கு இரண்டு டம்ளர் தாராளம். சீக்கிரம் காயட்டும் என்று ஹேர் டிரையரைச் சூடாகக் காட்டவும் வேண்டாம். அக்ரிலிக், பாலியஸ்டர் ரோமத்தின் நுனி உருகிச் சுருண்டுகொள்ளும். சீப்பு போட்டாலும் அது நிமிராது.

அடுத்தது கொலுப் பழக்கம். கொலு முடிந்ததும் மண் பொம்மைகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றுவோம். கரடிக்கு அந்த மரியாதை கூடாது. அச்சு மை ரோமத்தில் இறங்கும், தாளுக்கு ராமபாணப் பூச்சி வரும், கோடையில் வீட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் மேல்தளத்தை ஒட்டிய பரண்தான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி போட்ட துணி மட்டும் வேண்டாம், கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதுவே தீனி. ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவை இறுக மூடினால் ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறோம், பூஞ்சை பிடித்துவிடும். தை, மாசியில், காற்று உலர்ந்திருக்கும் நாளில் கட்டி வைப்பது நல்லது.

வெளிச்சுவரில் பதித்த சிமெண்ட் அலமாரி என்றால் கரடியின் முதுகு சுவரைத் தொடக் கூடாது, இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விடுங்கள். பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும். அதன்மேல் தூசி ஒட்டினால் நுரைக்கும் போகாது.

பூச்சிக்குப் பாச்சா உருண்டையைக் கரடியோடு சேர்த்துக் கட்டுவது இன்னொரு தவறு. பிளாஸ்டிக் கண்ணிலும் மூக்கிலும் நேராகப் பட்டால் சிலவகை பிளாஸ்டிக் இளகித் தடம் விழுந்துவிடும். அந்துப்பூச்சிப் புழுவுக்குப் பிடித்தது அங்கோரா ஆட்டு முடியான மோஹேரும் கம்பளியும். சுத்தமான பாலியஸ்டரை அது பெரும்பாலும் சீண்டாது. ரோமத்தில் திட்டுத் திட்டாக வழுக்கை, அடியில் மணல்போல் எச்சம் தெரிந்தால் அந்தக் கரடியை உடனே பிரித்து வையுங்கள். காற்றை வெளியேற்றி ஜிப் கவரில் மூடி, மைனஸ் 18 டிகிரி காக்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் கவரைத் திறந்துவிடாதீர்கள்! குளிர்ந்த ரோமத்தில் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துக்கொள்ளும். ஒரு நாள் கழித்துத் திறங்கள்.

வாங்குவதில் முதல் தவறு அளவில்லாமல் வாங்குவது. 90 செ.மீ. தட்டில் 10 செ.மீ. அகலக் கரடிகள் ஒரு வரிசைக்கு ஒன்பதுதான் உட்காரும். மூன்று வரிசை அடைத்தால் பின்வரிசையில் புழு வந்தாலும் கண்ணில் படாது.

கரடியின் காதில் இருக்கும் அடையாளப் பட்டையைக் கத்தரிப்பது அடுத்தது. ஸ்டைஃப் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கரடிகளுக்கு 1904 முதல் காதில் உலோகப் பொத்தான் உண்டு. இப்போது வருபவற்றில் பொத்தானோடு மஞ்சள் பட்டை இருந்தால் வழக்கமான தயாரிப்பு. வெள்ளைப் பட்டையில் சிவப்பு எழுத்து என்றால் எண்ணிக்கை வரம்போடு வந்தது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் பழைய கரடியின் மறுபதிப்பு. மறுபதிப்பைப் பார்த்து நூறு வருடக் கரடி என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விற்பவர் கேட்கும் விலையைச் சந்தை விலை என்று எடுத்துக்கொள்வதும் இதே ரகம். டயானா நினைவாக 1997-ல் வந்த ஊதா நிற 'பிரின்சஸ்' பீனி கரடியை லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். அது ஏராளமாக விற்ற பொம்மை. விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது, வரியைத் தவிர்க்க "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். இணையத்தில் வாங்கும் பொருளை அப்படி வரவழைக்கும் வழி 2019 டிசம்பரில் அடைபட்டுவிட்டது. பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் ஏறியது. பொம்மை விலையோடு அனுப்பும் கூலியையும் சேர்த்துத்தான் வரி போடுவார்கள். 2,000 ரூபாய் கரடி, 1,000 ரூபாய் கூலி என்றால் 70 சதவீதத்தில் அடிப்படை வரி மட்டும் 2,100. ஆர்டர் போடும் நாளில் என்ன விகிதம் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கரடியைக் கண்டால் கேட்கத்தான் செய்வார்கள். பழைய கரடிகளின் கண்ணாடிக் கண் கம்பியில் கோத்தது, கழன்றால் வாய்க்குள் போய்விடும். அவர்களுக்கென்று கண்ணை நூலால் தைத்த, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள இரண்டு மூன்று கரடிகளைக் கீழ்த்தட்டில் வைத்திருங்கள். இந்தியாவில் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை கட்டாயம்.