ஆங்கில இறந்தகாலம்: பாடமும் பயிற்சியும்

ஆங்கில இலக்கணம் பயிலும் சேலத்து மாணவர்கள், பன்னிரண்டு கால வடிவங்களையும் அட்டவணையாக உருப்போடுவதை விட்டுவிட்டு, முதலில் சிம்பிள் பாஸ்ட், பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் மண்டிக் கிடக்கின்றன.

முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் சிம்பிள் பாஸ்ட் வரும்: ‘ஐ வென்ட் டு ஏற்காடு யெஸ்டர்டே.’ எப்போது என்று சொல்லாமல், போய்வந்த அனுபவம் உண்டு என்று மட்டும் தெரிவிக்க ‘ஐ ஹேவ் பீன் டு ஏற்காடு’ என்ற பிரசன்ட் பெர்ஃபெக்ட் வடிவமே பொருந்தும். ‘ஷி ஹேஸ் கான் டு ஏற்காடு’ என்றாலோ, அவர் இன்னும் திரும்பவில்லை என்று பொருள். ‘ஐ ஹேவ் கான் டு ஏற்காடு யெஸ்டர்டே’ என்று அனைத்தையும் கலந்தால் வாக்கியமே கெட்டுவிடும்.

கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சி மதிப்பெண்ணுக்கு உதவும். ஆனால் வாக்கியத்தைக் கட்டும் வேலையை நூலாசிரியரே முடித்துவிடுவதால், அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஒவ்வொரு பாடத்துக்குப் பிறகும், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியோ மே மாதக் கோடை விழாவைப் பற்றியோ ஐந்து வாக்கியங்களைச் சொந்தமாக எழுதுங்கள். பிறகு ‘யெஸ்டர்டே’ இருக்கும் இடத்தில் ‘ஆல்ரெடி’யை வைத்து, அதற்கேற்ப வினையையும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். (‘ஆல்ரெடி’யுடன் அமெரிக்கர்கள் சிம்பிள் பாஸ்டையும் பயன்படுத்துவார்கள், தேர்வுத்தாளில் அந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

திருத்துவதை மறுநாளுக்கு ஒத்திவைத்து, தவறான ஒவ்வொரு வாக்கியத்தின் அருகிலும் காரணத்தைத் தமிழிலேயே ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.