வெயிலும் மழையும் நமக்குப் புதுசா என்ன?

ஜப்பானோ சுவிட்சர்லாந்தோ போவதென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். குளிருக்கு என்ன சட்டை, எந்த ரயில், எந்த நாளில் எந்த மலை என்று பட்டியல் நீளும். பாலி, புக்கெட், இலங்கை என்றால் மட்டும் "நம்ம ஊர் மாதிரிதானே" என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு கிளம்பிவிடுகிறோம். சிங்கப்பூரில், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கு வெயிலையும் மழையையும் பற்றி யார் வந்து பாடம் எடுப்பது என்ற நினைப்பு. இந்த நினைப்பால் நான் பட்டது பாதி, மற்றவர்கள் பட்டதைப் பார்த்தது மீதி.

பெரிய தவறு, தேதியை முடிவு செய்துவிட்டு வானிலையைப் பார்க்காமல் ஊரைத் தேர்ந்தெடுப்பது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தேதி நம் கையில் இல்லை, விடுமுறை ஜூனில் நான்கு வாரம், இல்லாவிட்டால் நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முடியும் வரை. சரி, தேதியை மாற்ற முடியாது, ஊரையாவது மாற்றலாமே! சில வருடங்களுக்கு முன் நவம்பர் கடைசியில் தாய்லாந்தின் கோ சமூய் தீவுக்குப் போனோம். கடலைப் பார்த்த அறை பாதி விலைக்குக் கிடைத்தது, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் நான்கு நாள் மழை. நம் ஊர் மழை மாதிரி ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுத்துவிடும் மழை இல்லை, பெட்டி படுக்கையோடு வந்து தங்கிவிட்ட விருந்தாளி மாதிரி நகராத மழை. கடல் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேநீர் நிறத்தில் இருந்தது. நீச்சல் குளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்துகொண்டிருந்தது, மூன்று நாளாக அதை எடுக்க யாரும் வரவில்லை. அதே வாரம் புக்கெட்டுக்குப் போயிருந்த அலுவலக நண்பர் நீல வானம், நீலக் கடல் என்று வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பித் தள்ளினார்.

ஒரே நாடு, ஒரே மாதம், எப்படி? தமிழ்நாட்டில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஜூனில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது சென்னை காய்ந்துகொண்டிருக்கும், சென்னைக்கு மழை ஐப்பசியில்தான் வரும். தென்மேற்குப் பருவக்காற்று ஒரு கரையை நனைக்கும், வடகிழக்குப் பருவக்காற்று எதிர்க்கரையை நனைக்கும், அவ்வளவுதான். புக்கெட் அந்தமான் கடல் பக்கம், அங்கே மே முதல் அக்டோபர் வரை மழை. சமூய் தாய்லாந்து வளைகுடாப் பக்கம், அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலேசியாவிலும் இதே கதைதான். கிழக்குக் கரையில் உள்ள ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளுக்கு டிசம்பரில் போக நினைத்தால் பெரும்பாலான விடுதிகள் மூடிக் கிடக்கும், படகும் ஓடாது. இலங்கையில் டிசம்பர் என்றால் தெற்குக் கரையில் உள்ள காலி, மிரிஸ்ஸ ஊர்களுக்குப் போக வேண்டும், ஜூன் என்றால் திருகோணமலை, அறுகம்பை. பாலிக்கு ஜூன் அருமையான மாதம். டிசம்பரில் அங்கே மழைக்காலம், கூத்தா கடற்கரையில் அலையோடு சேர்ந்து பிளாஸ்டிக் குப்பையும் கரையேறும். வியட்நாமில் ஹோய் ஆன் பக்கம் அக்டோபர், நவம்பரில் ஆறு தெருவுக்குள்ளேயே வந்துவிடும். விளம்பரப் படத்தில் இதையெல்லாம் யார் காட்டுகிறார்கள்?

வானிலை மட்டும் பார்த்தாலும் போதாது, அந்த ஊர் நாள்காட்டியையும் புரட்டுங்கள். பாலியில் நியேப்பி என்று ஒரு நாள் வரும், மௌன நாள். 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். விளக்கெல்லாம் அணைந்திருக்கும், தெருவில் நடமாட்டம் கிடையாது, சுற்றுலாப் பயணிகளும் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது. பெரும்பாலும் மார்ச்சில் வரும், 2024இல் மார்ச் 11 அன்று வந்தது, அதாவது நம் மார்ச் பள்ளி விடுமுறைக்கு நடுவே. தெரிந்தே போனால் அது ஒரு நல்ல அனுபவம் என்பேன், அன்றிரவு தெரியும் நட்சத்திரங்களைச் சிங்கப்பூர் ஈசூனில் பார்க்கவே முடியாது. மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் அப்படிப் போய்விட்டது என்றால்தான் வயிற்றெரிச்சல்.

அடுத்தது கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட். நம் வீடுகளில் ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று நாட்டுக் கடப்பிதழ் இருப்பது சகஜம், ஆனால் முன்பதிவு செய்கிறவர் தன் சிவப்புச் சிங்கப்பூர்க் கடப்பிதழை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் பதிவு செய்துவிடுவார். எங்கள் வீட்டில் அது நான்தான். திருச்சியிலிருந்து வந்திருந்த மாமியாரையும் சேர்த்து பாலிக்கு ஐந்து டிக்கெட் போட்டேன். இந்தோனீசியாவுக்குச் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விசா வேண்டாம், இந்தியக் கடப்பிதழுக்கு வேண்டும், ஆனால் போய் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் விசாரித்து வைத்திருந்தேன். அவர் கடப்பிதழ் காலாவதியாக ஐந்து மாதம்தான் இருந்ததைப் பார்க்கவில்லை. ஆறு மாதம் இருக்க வேண்டும் என்பது இந்த வட்டாரத்தில் பல நாடுகளின் விதி. கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, முடியாது என்றாள். "ஏன் மாப்ளே, அஞ்சு மாசம் இருக்கே, நாம போறது அஞ்சு நாளுதானே?" என்று கேட்டார் மாமியார். நியாயமான கேள்விதான், ஆனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மனைவியும் பிள்ளைகளும் பறந்தார்கள், நானும் அத்தையும் எம்ஆர்டி ரயில் பிடித்து லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்குப் போய் இட்லி சாப்பிட்டோம். வீட்டில் பிஆர் (நிரந்தரவாசி) யாராவது இருந்தால் அவருடைய மறுநுழைவு அனுமதி எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள், அது இன்னும் பெரிய தலைவலி.

மறு வருடம் புதுக் கடப்பிதழோடு அத்தை பாலிக்கு வந்தார். இந்துக்கள் ஊர், சைவத்துக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பியிருந்தார். பாலி மக்களுக்குப் பன்றி இறைச்சி திருவிழாச் சாப்பாடு! காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் சம்பாலில் இறால் விழுது கலந்திருக்கும். நம் ஊர் பெலாச்சான்தான், அங்கே தெராசி என்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களோடு போனால் அந்த ஊர்ச் சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள். தாய்லாந்தில் "ஜே" என்றும் வியட்நாமில் "சாய்" என்றும் கேட்டால் புரிந்துகொள்வார்கள், "வெஜிடேரியன்" என்றால் மீன் சாற்றை ஊற்றித்தான் கொண்டுவருவார்கள்.

வெயில் பழக்கம் என்கிறோமே, நமக்குப் பழக்கம் கூரை போட்ட நடைபாதையும் குளிரூட்டிய பேரங்காடியும்தான். முகம் தண்ணீருக்குள், முதுகு சூரியனுக்கு என்று இரண்டு மணி நேரம் மீன் பார்த்துக்கொண்டு மிதந்தேன், தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததால் சுட்டதே தெரியவில்லை. அன்றிரவு சட்டை போட முடியவில்லை, வேனில் சாய்ந்து உட்கார முடியவில்லை, நான்காம் நாள் முதுகு அப்பளம் மாதிரி உரிந்தது. நீண்ட கை வைத்த நீச்சல் சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பவளப்பாறைக்குக் கெடுதல் என்று ஆக்சிபென்சோன் போன்ற பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளைத் தாய்லாந்து 2021 முதல் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறது, அதனாலும் சட்டைதான் நல்லது.

குழாய்த் தண்ணீர், ஐஸ் பற்றி எல்லாரும் சொல்வார்கள். நாயைப் பற்றி யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் 1953க்குப் பிறகு வெறிநோய் கிடையாது, அதனால் நம் பிள்ளைகளுக்குத் தெருநாயைக் கண்டால் தடவத்தான் தோன்றும். பாலியில் 2008 முதல் அந்த நோய் இருக்கிறது. நாயோ, கோயிலில் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும் குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், சின்னக் கீறல்தானே என்று ஊர் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. அறிகுறி வந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை.

காப்புறுதியைக் கிளம்பும் முதல் நாள் வாங்குகிறவர்கள் நிறைய. டிக்கெட் போட்ட அன்றே வாங்குங்கள். 2024 நவம்பரில் ஃப்ளோரெஸ் தீவின் லெவோதோபி எரிமலை வெடித்து பாலி விமானங்கள் ரத்தாயின. இப்படி ஒன்று நடந்து செய்தி வந்த பிறகு வாங்கினால் பொதுவாக அதற்கு இழப்பீடு கிடைக்காது. அப்புறம் ஸ்கூட்டர். கார் ஓட்டும் 3ஆம் வகுப்பு உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வாடகைக்கு எடுத்து ஓட்டி விழுந்தால், காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது மோட்டார் சைக்கிள் உரிமம் எங்கே என்றுதான்.

கடைசியாக, தாய்லாந்தில் பிஸ்கட், கேக், மிட்டாய் வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். 2022இல் அங்கே கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2025இல் மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். அங்கே என்ன சட்டமாக இருந்தாலும் சிங்கப்பூர்க் குடிமகனோ பிஆரோ வெளிநாட்டில் உட்கொண்டாலும் இங்கே குற்றம்தான், திரும்பி வரும்போது சிறுநீர்ச் சோதனைக்குக் கூப்பிடலாம். விரல் விரித்த மாதிரி அந்த இலைப் படம் போட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அலமாரியிலேயே வைத்துவிட்டு, உலர்ந்த மாம்பழம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.