பெனால்டி உதையின்போது மனம் தளராதிருக்க

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற கடலோர ஊர்களில் மணலில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால்வலிமை குறைவதில்லை. ஆனால், ஊரே சூழ்ந்து நின்று ஆரவாரிக்கும் இறுதி ஆட்டத்தில், 11 மீட்டர் தொலைவிலிருந்து ஒற்றை உதையில் கோல் அடிக்க வேண்டிய நேரத்தில் தடுமாறுவது பெரும்பாலும் மனமே.

பந்தை வைப்பதற்கு முன்பே எந்த மூலைக்கு அடிப்பது என்று முடிவு செய்துவிட்டு, கோல்கீப்பர் எப்படி அசைந்தாலும் அதை மாற்றாதிருங்கள். பந்தைக் கையால் வைத்து, எப்போதும் ஒரே அளவு பின்வாங்கி, மூச்சை உள்ளிழுத்ததைவிட மெதுவாக வெளிவிடுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். விசில் ஒலித்தவுடன் பாய்ந்துவிடாமல், ஒரு கணம் நின்று, பிறகு ஓடத் தொடங்குங்கள். இதே வரிசையைப் பயிற்சியிலும் மாற்றாமல் செய்ய வேண்டும். அதுவும் தொடக்கத்தில் அல்ல, கால் சோர்ந்த பிறகு, நண்பர்களைக் கோலுக்குப் பின்னால் நிறுத்திக் கூச்சலிடச் சொல்லிச் செய்ய வேண்டும். கேலி செய்வதற்கு நம்மூரில் ஆள் தேட வேண்டியதில்லை.

தன்னம்பிக்கை வெற்றுப் புகழுரையால் வருவதன்று என்பது என் கருத்து. எத்தனை உதைகள், எந்த மூலை, எத்தனை கோல் என்று நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, ஆட்டத்துக்கு முந்தைய இரவில் அதைப் புரட்டிப் பாருங்கள். தவறவிட்டால், அன்றே காரணத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு, மறுநாள் அதே மூலைக்கே முதலில் உதையுங்கள்.